நெயில் பாலிஷ் வைத்த கிடார்

லிஃப்ட் மெக்கானிக்குக்கும் சங்கீதத்துக்கும் ஏழாம் பொருத்தம் என்று வீட்டில் யாரும் சொல்லத் தேவையில்லை. அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். எண்ணெய் வற்றிய லிஃப்ட் கதவு தன் குரலைவிட இனிமையாகக் கத்தும் என்பது அவர் கருத்து. அப்பேர்ப்பட்ட மனிதர் தலை நரைத்த பிறகு கிடார் கற்றுக்கொள்ளக் கிளம்பினால், புத்திகித்தி பிசகிவிட்டதா என்று கேட்கத்தானே தோன்றும்? மனைவி கேட்டும் விட்டாள்.

காரணம் மகள். அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. நல்ல வேலை, போகத்தான் வேண்டும். ஆனாலும் நீ போவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே, அது தொண்டையைத் தாண்டி வந்தால்தானே! வாயைத் திறந்தால் "சார்ஜர் எடுத்துக்கிட்டியா" என்றுதான் வந்தது. நர்ஸான மனைவிக்கு மாலை ஷிப்ட் இருந்த காலத்தில், மகளைத் தூங்க வைத்தது அவர்தான். வார்த்தை இல்லாமல், சொந்தமாக ஒரு மெட்டை முனகுவார். குழந்தை உடனே தூங்கிவிடும். அந்த முனகலிலிருந்து தப்பிக்க அதற்கு வேறு வழி தெரியவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்த மெட்டை, அவள் ரயிலேறுமுன் ஒரு தடவை வாசித்துக் காட்டிவிட்டால் போதும், சொல்ல வேண்டியதைச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று கணக்குப் போட்டார்.

கிடார் மச்சினனுடையது. வங்கியில் வேலை, விடுமுறை நாளில் கச்சேரி என்று திரிகிறவன். "பத்திரம் மாமா, எப்படிக் குடுத்தேனோ அப்படியே திருப்பிக் குடுத்துடுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தான். மற்றவர்களுக்கு அது பேச்சு. மெக்கானிக்குக்கு அது உத்தரவு. அவர் தொழிலில் ஒருவன் முடுக்கிய நட்டில் இன்னொருவன் கை வைக்க மாட்டான். முடுக்கியதும் நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்த்துப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். கோடு உடைந்திருந்தால் யாரோ திருகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எனவே முதல் வேலையாக மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, கம்பிகளை முறுக்கும் திருகுகள் ஒவ்வொன்றிலும் கோடு இழுத்தார். அது விலை உயர்ந்த பாலிஷாம். வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பயிற்சிக்குத் தோதான இடம் அலுவலகக் கட்டடங்களின் உச்சியில் இருக்கும் லிஃப்ட் மோட்டார் அறைதான். உலை மாதிரி கொதிக்கும், ஆனால் ஆள் வராது. போன் வீடியோவில் ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள். ஆரம்பத்தில் கம்பியை முறுக்கச் சொன்ன பகுதியை, அது சொந்தக்காரன் பாடு என்று தள்ளிவிட்டார். அவள் அழுத்திய இடத்தில் தேனாக வந்தது. அதே இடத்தில் இவர் அழுத்தினால் அடிபட்ட பூனை கத்தியது. விரல் நுனியெல்லாம் கொப்புளம். தினமும் கோடுகளைப் பார்ப்பார், ஒன்றும் உடைந்திருக்காது. சூட்டில் கம்பி தானே தளரும் என்பது அவருக்கு எங்கே தெரியும்? மெஷினில் கோளாறு இல்லை, ஆபரேட்டரிடம்தான் என்று முடிவு கட்டினார்.

விட்டாரா என்றால் இல்லை. வீடியோவை மூடிவிட்டு, தன் மெட்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கம்பி கம்பியாகத் தடவித் தேடினார். நடுவில், லிஃப்ட் முனகுகிறது என்று மேல்மாடியிலிருந்து புகார் வேறு வந்தது. புகாரை விசாரிக்க அனுப்பப்பட்டவரும் அவரேதான். சரிசெய்துவிட்டேன் என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்லிவிட்டு வந்தார். ஒருவழியாக மெட்டு கைக்கு வந்தது.

மகள் ஊருக்குப் போகும் நாள் மத்தியானம் மச்சினன் காரோடு வந்தான். மூலையில் இருந்த கிடாரை எடுத்து ஒரு மீட்டு மீட்டியவன் முகம் கோணிக்கொண்டது.

"மாமா, இதை ஒரு தடவைகூட டியூன் பண்ணலையா?"

"நீதானே அப்படியே குடுக்கச் சொன்னே" என்று அவர் கோடுகளைப் பெருமையாகக் காட்டினார். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மனைவியும் சேர்ந்துகொண்டாள். மானம் கப்பலேறியது. சிரித்து முடித்தவன் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிச் சுதி சேர்த்து, இப்போது வாசியுங்கள் என்று நீட்டினான்.

வாசித்தார். மணி மணியாக ஒலித்தது. தன் கையிலிருந்தா இது வருகிறது என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் மெட்டைக் காணோம். தளர்ந்த கம்பியில் தேடிப் பிடித்த மெட்டு, முறுக்கிய கம்பியில் வேறு எதுவோ ஆகிவிட்டது. பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து, "நல்லா இருக்குப்பா, என்ன பாட்டு?" என்று கேட்டுவிட்டு மறுபடி ஜிப்பை இழுத்தாள். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

கிடாரை மடியில் சாய்த்துப் பார்த்தார். சிவப்புக் கோடுகள் அத்தனையும் உடைந்து நின்றன. அவர் கை தானாகத் திருகுக்குப் போயிற்று. ஒவ்வொன்றாகத் தளர்த்தி, கோட்டோடு கோடு சேர்த்தார். மச்சினன் பதறிப்போய்த் தடுக்க வந்தான். மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுபடி வாசித்தார். அதே அடிபட்ட பூனை, ஆனால் மெட்டு திரும்பி வந்துவிட்டது. ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்த மகளின் கை நின்றுவிட்டது. எழுந்து வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாதிச் சிரிப்போடு சொன்னாள்.

"அப்பா, இதைக் கேட்டா எனக்குத் தூக்கம் வந்துடும். ரயிலை விட்டுடுவேன்."

அவர் வாசிப்பதை நிறுத்தவில்லை.

"விட்டுடேன்மா" என்றார்.