கல்லொட்டி இருக்குங்களா?

கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவர் கேட்டார்: "அம்மணி, கல்லொட்டிக் கொழம்பு வெக்கத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நான் சோமனூர்க்காரி, தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். கல்லொட்டி என்றால் மசாலாவில் போடுகிற கல்பாசிதான் என்று நினைத்துக்கொண்டு, மளிகைக் கடையில் அதை வாங்கிவந்து தேங்காயோடு வறுத்து அரைத்துக் குழம்பு வைத்தேன். அவர் இரண்டு வாய் சாப்பிட்டார். கரண்டியை விட்டுச் சட்டியின் அடிவரை துழாவினார்.

"மீனெங்க அம்மணி?"

"மீனுங்களா?"

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

என் கணவருக்குக் கோபிப் பக்கம், பவானி ஆற்றங்கரையில் ஒரு ஊர். கோயமுத்தூரில் பம்பு செட் கம்பெனி வேலைக்கு வந்தவர். அடுத்த லீவில் என்னை ஊருக்குக் கூட்டிப்போய் நேராக ஆற்றில் இறக்கினார். தண்ணீர் முழங்கால் அளவுதான். பாறைகளுக்கு நடுவில் குனிந்து கல்லைப் புரட்டினார். விரல் நீளத்தில் ஒரு கரும்பச்சை மீன் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்தெடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அது வாயால் என் கையையும் கவ்விப் பிடித்துக்கொண்டது. கடிக்கவில்லை, கூசியது. நான் அலறிக் கையை உதறியதும் ஆற்றுக்குள் போய்விட்டது.

"போச்சு, கொழம்புல ஒண்ணு கொறஞ்சுது" என்றார்.

அன்று அவருடைய அக்கா கல் உப்புப் போட்டு மண்சட்டியில் மீனைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி வைத்த குழம்பின் ருசி இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்கப்புறம் கோயமுத்தூரில் எந்த மீன் கடைக்குப் போனாலும், "கல்லொட்டி இருக்குங்களா?" என்று கேட்காமல் அவர் வாங்கியதில்லை. கடைக்காரர்கள் கட்லாவைக் காட்டுவார்கள், ரோகுவைக் காட்டுவார்கள். ஒருவர் அயிரையை அள்ளிக் காட்டினார். "அது வேறீங்க" என்பார். கிடைக்காது என்று தெரிந்தேதான் கேட்டார். அந்தச் சொல்லை வெளியாட்களிடம் வாய்விட்டுச் சொல்ல அவருக்கு அந்த ஒரு இடம்தான் இருந்தது.

மொபெட்டில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "கல்லொட்டியாட்ட ஒட்டீட்டு வாரா பாரு" என்று ரோட்டைப் பார்த்துச் சொல்லுவார். நான் இன்னும் இறுக்கிப் பிடிப்பேன்.

அவர் மாரடைப்பில் போனதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. மகன் பெங்களூரில் இருக்கிறான். அக்கா குடும்பம் எப்போதோ திருப்பூருக்குக் குடிபோய்விட்டது. காரியம் முடிந்து அவர் ஊர் ஆற்றங்கரையில் நின்றிருந்தபோது அந்த ஊர்ப் பையன்களிடம் கேட்டுப் பார்த்தேன். "பாறை மீனுங்களா?" என்றார்கள். அதே மீன்தான், பெயர்தான் வேறு. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

போன மாதம் உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். முதல்தடவையாக ஒரு பாய் கடையில் நின்றேன். என் கணவர் கேட்கிற மாதிரியே, என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்: "கல்லொட்டி இருக்குங்களா?"

பாய் விழித்தார். எனக்குப் பக்கத்தில் ஜிலேபி மீனைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா சட்டென்று நிமிர்ந்தார். என் வயதிருக்கும்.

"ஏனுங்க, இப்ப என்னன்னு கேட்டீங்க?"

"கல்லொட்டிங்க."

கையிலிருந்த மீனைக் கூடையில் போட்டுவிட்டு அவர் என் முழங்கையைப் பிடித்தார். "எந்தூருங்க நீங்க? எங்கம்மா ஊட்ல அப்பிடித்தாஞ் சொல்லுவோம். இந்த வார்த்தையக் கேட்டு எத்தன காலமாச்சுங்க!"

"நான் சோமனூருங்க. எங்கூட்டுக்காரரு ஊருதான் ஆத்தோரம். அவிய சொல்லுவாங்க."

"அவிய வரலீங்களா?"

கேட்டுவிட்டுத்தான் அவர் என் நெற்றியைப் பார்த்துப் புரிந்துகொண்டார். பிடித்த கையை விடவில்லை. ஐஸ் தண்ணீர் எங்கள் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல் புரட்டியதையும், பிடித்த மீன்களைத் தூக்குப்போசியில் போட்டால் அதன் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்குமாம், அதையும் சொன்னார். நான் கல்பாசிக் குழம்பு வைத்த கதையைச் சொன்னேன். இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சிரித்தோம். பாய் மற்ற ஆட்களுக்கு மீன் வெட்டிக்கொடுத்துக்கொண்டே எங்களைப் பார்த்தார்.

வெளியே ஆட்டோவில் காத்திருந்த அவருடைய மருமகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "இருங்க, வாரேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனவரை ஆட்டோ கூட்டிக்கொண்டு போய்விட்டது. எந்தப் பக்கம் குடியிருக்கிறார் என்றுகூட நான் கேட்டிருக்கவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் உக்கடம் போகிறேன். சிங்காநல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். வீட்டுக்குப் பக்கத்திலேயே மீன் கிடைக்கிறது. பாய் என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டி, "அந்தம்மா இன்னைக்கும் வரலீங்கம்மா" என்கிறார். கொஞ்ச நேரம் கடையோரமாகவே நிற்கிறேன்.