யுஸ்டீனா சிங்கம் பார்க்கக் கிளம்பினாள்

எத்தோஷா சரணாலயக் காட்டின் மேற்கு வேலியை ஒட்டிப் பிறந்து, வேலியை ஒட்டியே கல்யாணமாகி, வேலியை ஒட்டியே தலை நரைத்தவள் யுஸ்டீனா. அந்தப் பக்கம் இருப்பதைப் பார்க்க எந்தெந்த தேசத்திலிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். அவள் வாசலைத் தாண்டித்தான் அந்த வண்டிகள் போகும். அவளுக்குப் புழுதி மட்டும் மிச்சம். சிங்கம் உறுமுவதைக் கேட்டிருக்கிறாள், மணலில் அதன் கால்தடத்தைப் பார்த்திருக்கிறாள், அது தின்று போட்ட கன்றின் மிச்சத்தை அள்ளிப் போட்டிருக்கிறாள். ஆனால் சிங்கத்தை இதுவரை கண்ணால் கண்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் முகத்தையே பார்க்காமல் ஒரு ஆயுசைக் கழிப்பது என்ன நியாயம்?

அதனால், ஓட்ஜோ நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மகள் வியாண்டா போனில், "அம்மா, இந்த லீவுல உன்னை சஃபாரி கூட்டிட்டுப் போறேன். காட்டுக்குள்ளயே ரூம் போட்டாச்சு" என்று சொன்னதும் யுஸ்டீனாவுக்குத் தலைகால் புரியவில்லை. போனை வைத்த கையோடு வெளியே ஓடி, வேலியருகே ஆடுகளை ஓட்டிக்கொண்டிருந்த காட்லிபிடம் சொன்னாள். காட்லிப் பக்கத்து நிலத்துக்காரன், டமாரா இனத்து ஆள். ஆட்டைத் தவிர எதையும் மதிக்காதவன்.

"மிருகம் பாக்கவா ரூம் போட்டீங்க?" என்றான். "போன வாரம் ஒரு யானை வந்து என் தண்ணித் தொட்டிய உடைச்சுதே, சொல்லியிருந்தா அதையே உங்க வீட்டுப் பக்கம் அனுப்பியிருப்பேனே அக்கா."

"யானைய நீயே வெச்சுக்க. எனக்குச் சிங்கம் வேணும்."

யுஸ்டீனா தையல்காரி. ஹெரேரோ இனத்துப் பெண்கள் உடுத்தும் தரைதொடும் கவுனும், மாட்டுக்கொம்பு போல இரண்டு பக்கமும் நீண்ட தலைப்பாகையும் அவள் கையால் தைத்தால்தான் கமஞ்சாப் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம் களைகட்டும். அன்றிலிருந்து ஊர்க் கல்யாணங்கள் காத்துக் கிடந்தன. அவள் தனக்கே ஒரு கவுன் தைத்துக்கொண்டிருந்தாள், ஆரஞ்சும் பச்சையுமாக.

"பேன்ட் போட்டுக்கம்மா. வண்டியில ஏறி இறங்கணும்" என்றாள் மகள் போனில்.

"நான் ஹெரேரோ பொம்பளைடி. சிங்கம் முதல் தடவையா என்னைப் பாக்கப் போகுது. அரைகுறையாவா போய் நிக்கிறது?"

"தலைப்பாகை கார் கூரையில இடிக்குமே!"

"அப்ப சீட்டைச் சாய்ச்சு வை."

எல்லாம் கூடி வந்தது, கபேயாவாவைத் தவிர. யுஸ்டீனாவின் புருஷன் கெட்டவன் இல்லை, பிடிவாதக்காரன். சஃபாரி என்ற பேச்சை எடுத்தாலே தொழுவத்துக்குப் போய்விடுவான். காரணம் ஊருக்கே தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலி தாண்டி வந்த சிங்கம் ஒன்று அவனுடைய புள்ளி எருதை அடித்துத் தின்றுவிட்டது. அந்த எருதின் நிறத்தைப் புகழ்ந்து அவன் பாட்டே கட்டியிருந்தான். பெண்டாட்டிக்குக் கட்டவில்லை, எருதுக்குத்தான்.

"ஆகஸ்டுல தண்ணிக்காக எல்லா மிருகமும் ஒரே இடத்துக்கு வருமாம். அதுதான் பாக்க நல்ல நேரம்னு வியாண்டா சொல்றா" என்று ஒருநாள் மெல்ல ஆரம்பித்தாள்.

"ஆகஸ்டுல என் மாடு எலும்பும் தோலுமா நிக்கும். அது உனக்கு நல்ல நேரமா?"

"நீங்க வர வேணாங்க. நெருப்புகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அங்கேதான் சிக்கல். வீட்டுக்கும் கன்றுப் பட்டிக்கும் நடுவே முன்னோர்களின் நெருப்பு இருக்கிறது. வீட்டில் யார் பயணம் போனாலும், எங்கே போகிறார்கள், எதற்குப் போகிறார்கள் என்று வீட்டுத் தலைவன் அங்கே சொல்ல வேண்டும். சொல்லாமல் யுஸ்டீனா படி தாண்டியதில்லை. இதற்காகவும் தாண்டமாட்டாள்.

"என்னன்னு சொல்றது?" என்று கபேயாவா சீறினான். "நம்ம எருதைத் தின்னவனைக் கும்பிட்டுட்டு வர என் பொண்டாட்டி போறான்னா?"

"மகளைப் பாக்கப் போறான்னு சொல்லுங்களேன்."

"நெருப்புகிட்ட பொய்யா?"

யுஸ்டீனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் பொய் சொன்ன ஆள் அந்தக் குடும்பத்தில் இல்லை. அதற்கு மேல் அவள் கெஞ்சவில்லை. ஆனால் ஆசை அடங்கினால்தானே? கவுனுக்கு விளிம்பு தைத்தாள், வழியில் சாப்பிடக் காய்ந்த இறைச்சி கட்டினாள். வியாண்டா காரோடு வந்து இறங்கியபோது அணைத்துக்கொண்டு சுற்றினாள். உள்ளுக்குள் மட்டும் ஒரு பயம் அரித்துக்கொண்டே இருந்தது. நாளைக் காலை அவன் வாயைத் திறக்காவிட்டால், கார் சும்மாதான் திரும்பும்.

விடிந்ததும் புதுக் கவுன் உடுத்தி, கொம்புத் தலைப்பாகை கட்டி, வழக்கம்போல அடுப்பிலிருந்து தணல் எடுத்துப் போய் முன்னோர் நெருப்பில் வைத்தாள். நிமிர்ந்து பார்த்தால், மாட்டுப் பட்டி வாசலில் கம்போடு காட்லிப் நிற்கிறான்.

"நீ எங்கடா இங்க?"

"அண்ணன்தான் வரச் சொன்னாரு" என்றான் காட்லிப். அவனுக்கே நம்பிக்கை வராத முகம்.

அதற்குள் கபேயாவா வந்து குந்தி உட்கார்ந்தான். கோட்டு போட்டிருந்தான். வாய் நிறையத் தண்ணீர் எடுத்து நெருப்பைச் சுற்றி ஊதினான்.

"அப்பாமாரே, நான் கபேயாவா. உங்க மருமக யுஸ்டீனா சிங்கம் பாக்கப் போறா." ஒரு சுள்ளியை நெருப்புக்குள் தள்ளினான். "நம்ம புள்ளி எருது போன அன்னைக்கு நான்தான் முதல்ல போனேன். கையில துப்பாக்கி இருந்துச்சு. அந்தச் சிங்கம் எருது மேல காலை வெச்சுக்கிட்டு என்னைப் பாத்துச்சு. பிடரி முழுக்க காலை வெயில். துரத்தி விட்டேன்னு ஊருக்கெல்லாம் சொன்னேன். துரத்தல. அதுபாட்டுக்கு நடந்து போச்சு. மறையிற வரைக்கும் நான் பாத்துக்கிட்டே நின்னேன். அவ்வளவு அழகு அப்பாமாரே. மாட்டுக்காரன் வாயில வரக் கூடாத வார்த்தை, வந்துடுச்சு. இவளும் பாக்கட்டும். நானும் கூடப் போறேன். மாட்டைக் காட்லிப் பாத்துக்குவான். அவன் ஆட்டுக்காரன், நீங்களும் ஒரு கண்ணு வெச்சுக்குங்க."

காட்லிப் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். யுஸ்டீனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே கோபமும் வந்தது.

"மூணு வருஷம்! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எருதுக்காக நீ தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டிருந்த. தின்னவன் அழகா இருந்தான்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

அவள் அவன் பக்கத்தில் வந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு அழகுங்க?" என்று கேட்டாள், கார் பக்கத்தில் நின்ற மகள் காதில் விழாதபடி.

"கார்ல ஏறு" என்றான் கபேயாவா. "மூணு வருஷமா அதைச் சொல்லத்தான் வார்த்தை தேடிக்கிட்டிருக்கேன்."