நான்கு துருக்கிச் சொற்களும் அடி அண்ணாமலையும்

1984 பங்குனியில் நான் செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போனது சாமி கும்பிட அல்ல. ஒரு சிற்றிதழுக்கு என் முதல் கட்டுரை தயாராக இருந்தது. தமிழில் கலந்த துருக்கிச் சொற்கள் பற்றியது. துப்பாக்கி, குருமா, கைமா, கூலி என்று நான்கு சொற்கள். திங்கட்கிழமை தபாலில் சேர்க்க வேண்டும். அதற்குள் அங்கே செங்கம் சாலையில் ஹசன் என்றொரு துருக்கிக்காரர் அறை எடுத்துத் தங்கியிருப்பதாக நண்பர் எழுதினார். விடுவேனா?

பகல் 12.40 பேருந்து. முப்பத்தெட்டு கிலோமீட்டர், மூன்றரை ரூபாய். கீழ்பென்னாத்தூரில் மூட்டை ஏற்றக் கால் மணி நேரம் நின்றதில், போய்ச் சேர இரண்டேகால் ஆகிவிட்டது.

மூன்றரைக்கு ஹசனோடு மலை சுற்றக் கிளம்பினேன். எங்களுக்குள் பேச்சு அரைகுறை ஆங்கிலத்தில்தான். துப்பாக்கி அவர்கள் ஊரில் ‘துஃபெக்’, குருமா ‘கவுர்மா’, கைமா ‘கிய்மா’. கூலி என்றதும், “எங்கள் ‘குல்’தான். அடிமை என்று பொருள்” என்றார். எனக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. கட்டுரையின் உச்சமே அந்தச் சொல்தான்.

ஐந்து மணிக்கு அடி அண்ணாமலை. சாலையோர நிலத்தில் பெண்கள் மல்லாட்டை ஆய்ந்து முடித்திருந்தார்கள். செடியிலிருந்து பறித்த நிலக்கடலையிலேயே எட்டு மரக்காலுக்கு ஒரு மரக்கால் கூலி. நிலக்காரர் அளக்க, கன்னியம்மா என்பவர் கூடையை நீட்டியபடி, “தலைய தட்டாதீங்க, கோபுரமா அளங்க” என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

சும்மா இருக்காமல் நான் வாயைக் கொடுத்தேன். “கூலிங்கறது இவங்க ஊரு வார்த்தைங்க. அடிமைனு அர்த்தம்.”

கன்னியம்மா மரக்காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அடிமைக்கு யாரு சார் கூலி அளப்பாங்க? இவரு கம்மியா அளந்தா நாளைக்கு அடுத்த கொல்லைக்குப் போயிடுவேன்.”

நிலக்காரர் இன்னொரு கை அள்ளிப் போட்டார்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. துருக்கியர் இந்தப் பக்கம் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் செய்யுளில் ‘மெய்வருத்தக் கூலி தரும்’ என்று இருக்கும் சொல் அது. உழைத்தால் கிடைப்பது என்ற பொருளில். பள்ளியில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன் நான். நடந்ததை மொழிபெயர்த்துச் சொன்னதும் ஹசன், “எங்கள் சொல் வேறு, அந்த அம்மாவின் சொல் வேறு” என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: அந்தக் கட்டணமெல்லாம் மலையேறிவிட்டது, விசாரித்துக்கொள்ளுங்கள். சுற்றுப்பாதை பதினான்கு கிலோமீட்டர். பங்குனியில் மூன்றரைக்குக் கிளம்பாதீர்கள், பாதம் கொப்பளித்துவிடும், விடியற்காலைதான் சரி. வழியில் வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் பேசுங்கள். பாடம் மட்டும் எடுக்காதீர்கள்.

கடைசிப் பேருந்தின் விளக்கடியில் நான்காவது சொல்லை நானே அடித்து நீக்கினேன். கட்டுரை மூன்று சொற்களோடு அச்சாகி வந்தது. இன்றும் அதை யாருக்காவது காட்டினால், அதில் இல்லாத சொல்லைப் பற்றித்தான் பெருமையாகப் பேசுகிறேன்.