காளீஸ்வரி விற்ற மெட்டி

தென்காசியில் ஜெபசிங் முதலாளியின் நகைக்கடைக்குள் நுழைந்தால், மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிய இடத்தில் வெள்ளிப் பிரிவு இருக்கும். அங்கே பல வருஷமாக நின்றவள் காளீஸ்வரி. குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது. அருவியில் கொலுசைத் தொலைத்துவிட்டு அழும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, தலையில் எண்ணெயும் ஈரமுமாக ஜனங்கள் வந்து நிற்பார்கள். அத்தனை பேரையும் அவள் ஒருத்தியே சமாளிப்பாள்.

கூட்டம் இல்லாத நேரத்தில் கறுத்த வெள்ளியைத் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கக் கொலுசு வெளுக்கும், விரல் கறுக்கும். மாடியில் தங்கப் பிரிவுப் பெண்களுக்கு ஏசி, நல்ல சேலை, உட்கார நாற்காலி. மத்தியானம் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடும்போது மாடிக்காரி பர்சானா சொல்வாள், "ஏட்டி காளி, சாம்பார் வாளியத் தொட்றாத. கரி ஒட்டிரும்."

எல்லோரும் சிரிப்பார்கள். காளீஸ்வரியும் சிரிப்பாள். பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர் அவள் கையைப் பார்த்துவிட்டு, "பாத்திரக் கடையிலயா வேல?" என்று கேட்டதும் உண்டு. எப்படியாவது மாடிக்குப் போய்விட வேண்டும். அதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

ஒருமுறை முதலாளி கொச்சிக்குப் போய் ஒரு தட்டு நிறைய ஒயிட் கோல்ட் மோதிரம் வாங்கி வந்தார். மஞ்சள் தங்கத்தில் வேறு உலோகம் கலந்து ஓரளவு வெளுக்க வைத்து, மேலே வெள்ளை முலாம் பூசியது. விலை தங்கத்தின் விலை, பார்வை வெள்ளியின் பார்வை. வந்தவர்கள் எல்லாரும் தட்டைத் தள்ளிவிட்டார்கள். "தங்கம் போட்டா தங்கம்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? இதுக்கு வெள்ளியே போட்டுட்டுப் போயிரலாமே." மாடியில் ஒருத்தியாலும் விற்க முடியவில்லை. முதலாளிக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இதுல மொத உருப்படிய விக்குதவ யாரா இருந்தாலும் சரி, அவளுக்கு மாடி. பதிலுக்கு ஒருத்தி கீழ போகணும்" என்றார்.

காளீஸ்வரி முதலாளியிடம் இரண்டு மோதிரங்களைக் கேட்டு வாங்கி, கடை ஆசாரியிடம் கொடுத்து அடிப்பக்கம் வெட்டி வளைக்கச் சொன்னாள். மோதிரம் மெட்டியாகிவிட்டது. இடுப்புக்குக் கீழே தங்கம் ஆகாது, அது லட்சுமி, மிதிக்கக் கூடாது என்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஆடி முடியும் சமயம் ஒரு ஜோடி வந்தது. இசக்கிராஜா பட்டாளத்துக்காரன், கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்தான். பெண் அனுசியா, திருவேங்கடத்துக்காரி. மாப்பிள்ளை மணவறையில் போட்டுவிடும் மெட்டியை இருவருமாகப் பார்த்து எடுக்க வந்திருந்தார்கள்.

"வெள்ளி கறுத்துப் போகும்ணே. இதப் பாருங்க, ஒயிட் கோல்ட்" என்றாள் காளீஸ்வரி.

அனுசியா தொட்டுப் பார்த்த கையை எடுத்துக்கொண்டாள். "தங்கமா? கால்லயா? வேண்டாம்க்கா. அத்தைக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். வெள்ளியே எடுங்க."

"பாக்க வெள்ளி மாதிரித்தான இருக்கு, யாருக்குத் தெரியப் போவுது?" என்றான் இசக்கிராஜா. "ஊருல எவன் பொண்டாட்டிக்குக் கால்ல தங்கம் போட்டிருக்கான்? நான் போடுதேன்."

அனுசியா காளீஸ்வரியைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கக்கா. போடலாமா?"

"இப்ப எல்லாரும் போடுதாக தங்கச்சி. பேருதான் தங்கம், குணமெல்லாம் வெள்ளிதான்."

மறுநாள் காளீஸ்வரி மாடிக்குப் போனாள். பர்சானா கீழே வந்தாள். சாப்பாட்டு நேரத்தில், "பர்சானா, வாளியத் தொட்றாத" என்று முதல் ஆளாகச் சொன்னவள் காளீஸ்வரிதான்.

தை மாதம் ஒரு காலையில் இசக்கிராஜாவின் தாய் முப்பிடாதியம்மாள் மருமகளைக் கையோடு இழுத்துக்கொண்டு மாடியேறினாள். தரையில் உரசி உரசி மெட்டியின் முலாம் தேய்ந்திருந்தது. உள்ளிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது. குளிக்கும்போது பூசிய மஞ்சள் ஒட்டியிருக்கிறது என்றுதான் மாமியார் முதலில் நினைத்திருக்கிறாள். கழுவியும் போகவில்லை என்றதும் ஊர் ஆசாரியைக் கூப்பிட்டு, காலில் கிடந்தபடியே உரசிப் பார்த்துவிட்டாள். அந்த வாரம்தான் மகன் மலையில் ஜீப்பிலிருந்து விழுந்து கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று தகவல் வந்திருந்தது. போன் போட்டுக் கேட்டதற்கு அவன் சொன்ன பதில், "அவதாம்மா கேட்டா."

"இவ இல்லங்குதா. அவருதான் எடுத்தாருங்குதா" என்றாள் முப்பிடாதியம்மாள். "வித்தவ நீதான? நீ சொல்லு. யாரு கேட்டது?"

"அக்கா, நான் வெள்ளிதான கேட்டேன்? சொல்லுங்கக்கா" என்றாள் அனுசியா.

நகை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். கல்லாவிலிருந்து முதலாளியும் எழுந்து வந்தார். வேண்டாம் என்ற பெண்ணின் காலில் தெரிந்தே தங்கத்தை மாட்டிவிட்டாள் என்று வெளியே தெரிந்தால் கல்யாணக்காரர்கள் இந்தக் கடைப் படி ஏற மாட்டார்கள். காளீஸ்வரிக்கும் மாடி கிடையாது, கீழும் கிடையாது.

"இந்தத் தங்கச்சிதான் ஆச்சி கேட்டுச்சு. நான் ஆகாதுன்னு சொன்னேன். அண்ணனும் சொன்னாக. கேக்கல."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க" என்றாள் அனுசியா.

காளீஸ்வரி அவள் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை சொன்னாள்.

"லெட்சுமிய மிதிச்சுக்கிட்டு அலைஞ்சிருக்கா. எம் மகன் காலு போச்சு" என்றாள் முப்பிடாதியம்மாள். "கழத்து இத."

விரல் வீங்கியிருந்ததால் மெட்டி கழலவில்லை. காளீஸ்வரியே கீழே உட்கார்ந்து, பாதத்தை மடியில் வைத்து, கட்டரால் வெட்டி எடுத்தாள். பழக்க தோஷத்தில், "வெள்ளியில ஒரு ஜோடி மாட்டிருவோமா ஆச்சி?" என்றும் கேட்டுவிட்டாள்.

"ஒண்ணும் மாட்ட வேண்டாம். எங்கனயிருந்து வந்தாளோ அங்கனயே போவட்டும்."

மெட்டி இல்லாத காலோடு அனுசியா படியிறங்கிப் போனாள். கட்டின புருஷன் உயிரோடு இருக்கும்போது அப்படித் தெருவில் நடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அந்தக் கடையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

முப்பிடாதியம்மாள் வெட்டிய மெட்டியைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வெள்ளியில் செய்த கால் உரு ஒன்று கேட்டாள். மகனுக்குக் குணமாக வேண்டி அம்மன் கோவில் உண்டியலில் போட. கீழே பர்சானா தட்டை எடுத்து வைத்தாள்.

"வலது காலா, இடது காலா ஆச்சி?"

முப்பிடாதியம்மாளுக்குத் தெரியவில்லை. மகனுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. "அவகிட்ட தெனமும் பேசுவான். ஏட்டி, ஓடிப் போயிக் கேட்டுட்டு வா" என்று, கூடவே கீழே இறங்கி வந்திருந்த காளீஸ்வரியை விரட்டினாள்.

பஸ் ஸ்டாண்டில், திருவேங்கடத்துப் பக்கம் போகிற சங்கரன்கோவில் பஸ் புறப்படத் தயாராக இருந்தது. ஜன்னலோரம் இருந்த அனுசியா, காளீஸ்வரி ஓடி வருவதைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டு முண்டியடித்து இறங்கிவிட்டாள்.

"அத்தை கூப்பிட்டாகளாக்கா?"

"இல்ல. அண்ணனுக்கு எந்தக் காலுன்னு கேட்டுட்டு வரச் சொன்னாக."

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் அவளை விட்டுவிட்டுக் கிளம்பியது. அனுசியா அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வலதுக்கா" என்றாள். "முட்டிக்குக் கீழ."

காளீஸ்வரி திரும்பி ஓடி வந்து, "வலது" என்றாள். பர்சானா வலது காலை எடுத்துத் தராசில் வைத்தாள்.