பத்து மில்லிமீட்டரில் ஓர் அறை

போன செவ்வாய்க்கிழமை ஒரு வாசகர் போன் செய்தார். கொல்லத்தில் இருக்கிறாராம். குரலில் நல்ல உற்சாகம்.

"மேடம், கொஞ்ச மாசம் முன்னாடி எழுதினீங்களே... விலை குறைஞ்ச, சின்ன வைட் ஆங்கிள் லென்ஸ். அது எந்த மாடல்? நானும் வாங்கலாம்னு இருக்கேன்."

வழக்கமாக இந்த மாதிரி போன் வந்தால் எனக்குக் கொண்டாட்டம். அரை மணி நேரமாவது பேசுவேன். அன்றைக்கு, "பிறகு கூப்பிடுகிறேன் சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்னும் கூப்பிடவில்லை. ஏன் என்று அவருக்கும் உங்களுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

அந்த லென்ஸைப் பற்றி இதே பக்கத்தில்தான் எழுதினேன். என்ன பெருமை எனக்கு! எதற்காக வாங்கினேன் என்பதை மட்டும் எழுதவில்லை.

என் பெரியம்மா மகன் தாணு அண்ணா. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நடந்து போகும் தூரத்தில் அவருக்கு ஒரு பழைய வீடு உண்டு. கீழே இருந்த ஹாலை பிளைவுட் வைத்துத் தடுத்து மூன்று அறையாக்கினார். மேலே மூன்று. சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு மாத வாடகை. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி இங்கே வைத்தியத்துக்கு வருகிற கூட்டம் உங்களுக்குத் தெரியும்தானே? அறை காலியாகக் கிடக்க வழியே இல்லை. ஆனால், முன்பு மாதிரி யாரும் நேரில் வந்து பார்ப்பதில்லை. "போட்டோ அனுப்புங்க" என்கிறார்கள்.

அண்ணா என்னிடம் வந்தார்.

"மக்ளே, நீ கேமராவும் தூக்கிட்டு நடக்கியே... ஒரு நாலு படம் எடுத்துத் தா. என் போன்ல எடுத்தா ஜெயிலு மாதிரி இருக்கு, கேட்டியா."

கீழ்த்தளத்தில் ஓர் அறையைப் போய்ப் பார்த்தேன். ஜெயில் மாதிரிதான் இருந்தது. சுவரோடு சுவராக முதுகை ஒட்டி நின்றாலும் என் கேமராவோடு வந்த லென்ஸில் பாதிக் கட்டில்தான் விழுந்தது.

எனக்கோ ரொம்ப நாளாக ஒரு வைட் ஆங்கிள் ஆசை. பொன்முடி மலையையும் மேகத்தையும் ஒரே படத்துக்குள் அடக்க வேண்டும் என்று. இதுதான் சாக்கு என்று பழவங்காடிக்கு பஸ் ஏறிவிட்டேன். அங்கே ஒரு சந்துக்குள், இரண்டாவது மாடியில் நான் வழக்கமாகப் போகும் கேமரா கடை.

கடைக்காரர் மூன்று லென்ஸை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று தடியானது. வெளிச்சம் குறைந்த இடத்திலும் பிரமாதமாக எடுக்கும். ஆனால் விலையைக் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டேன். இன்னொன்று கட்டை விரல் அளவு. முழுக்க உலோகம், அழகோ அழகு... ஆனால் ஃபோகஸை நாமே திருகித் திருகிச் சரி செய்ய வேண்டும். என் கண்ணாடிக்கு அது ஒத்துவராது. மூன்றாவது, பத்து முதல் பதினெட்டு மில்லிமீட்டர் வரை போகும் குட்டி ஜூம். பிளாஸ்டிக் உடம்பு. இருட்டில் கொஞ்சம் திணறும். படத்தின் மூலைகள் சற்று மங்கும். மற்றபடி கைப்பைக்குள் கிடந்தால் கனமே தெரியாது.

"சேச்சி வீடியோ எடுக்குமோ? இல்லல்லே? எங்கில் இது மதி" என்றார். மலையாளம் கலந்த பேச்சு. அதாவது, வீடியோ எடுக்காத உங்களுக்கு இதுவே போதும். "ரூம் எடுக்கான் இதுதான் நல்லது. கபோர்டைக்கூட ஹாலா காட்டும்."

இருவரும் சிரித்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்லாறுக்குப் போய்ப் பரிசோதனை. ஆற்றில் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி, என் இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு பாறையைக் கிட்டே போய் எடுத்தேன். படத்தில் அது மலை! அக்கரையில் இருந்த டீக்கடை எங்கேயோ தொலைவில் தீப்பெட்டியாகத் தெரிந்தது. குழந்தை மாதிரி குதித்தேன். கொடுத்த காசுக்கு மேலேயே வேலை செய்கிறதே!

மறுநாள் தாணு அண்ணா வீடு.

அந்தக் கீழ்த்தளத்து அறையை எப்படி எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். பாத்ரூம் வாசற்படியில் குதிகாலை வைத்து, சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு, கேமராவை நெஞ்சு உயரத்தில் துளி சாயாமல் பிடித்தேன். ஜன்னலைத் திறந்துவிட்டேன். கட்டிலைச் சுவரோடு தள்ளினேன். மூலையில் இருந்த மேஜை இடைஞ்சலாகத் தோன்றியது. வெளியே எடுத்துப் போட்டேன். அதை யாரும் என்னிடம் செய்யச் சொல்லவில்லை. படத்துக்கு நல்லது என்று எனக்கே தோன்றியது.

படத்தைப் பார்த்து அண்ணா அசந்துபோனார். "இது நம்ம ரூமா மக்ளே? நானே வாடகைக்கு வந்துருவேன் போலிருக்கே!"

அந்த வாரம்தான் லென்ஸைப் பற்றி எழுதினேன். உங்களில் பலர் பாராட்டி எழுதினீர்கள்.

இரண்டு மாதம் கழித்து, மாடி அறைகளையும் எடுத்துக் கொடுக்கப் போயிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இறங்கிய பெண்ணின் பெயர் இசக்கியம்மாள், நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் கணவர் ஆறுமுகம். லாரி ஓட்டியவர். முதுகெலும்பில் கட்டி, ஆபரேஷன் முடிந்துவிட்டது, ஆனால் கால் இரண்டும் அசையவில்லை. இனி ஆறு வாரம் ரேடியேஷன். வேன் டிரைவரும் அந்த அம்மாவுமாக அவரைத் தூக்கி சக்கர நாற்காலியில் வைத்தார்கள்.

அண்ணா கதவைத் திறந்துவிட்டார். நாற்காலி உள்ளே போனது. கட்டிலின் கால்மாட்டில் இடித்து நின்றது. அதற்கு மேல் போக இடமில்லை. திரும்பவும் இடமில்லை.

இசக்கியம்மாள் வெளியே வந்தார். நிதானமாகத்தான் கேட்டார்.

"ரூமு மாறிப் போச்சு போல. போட்டோவுல உள்ள ரூமு எதுங்க?"

"இதுதாம்மா அது" என்றார் அண்ணா.

இசக்கியம்மாள் போனை எடுத்தார். என் படம். போனை உயர்த்திப் பிடித்து, அறையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அதே ஜன்னல். பச்சைப் போர்வை. அதே போர்வை. பிறகு என் பக்கம் திரும்பினார். என் கழுத்தில் கேமரா தொங்குவதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"இதுல பாருங்கக்கா. கட்டிலுக்கு இந்தப் பக்கம் இம்புட்டு எடம் இருக்குல்லா? வண்டி நல்லா திரும்பும்னு நானும் இவுகளும் வெரலால அளந்து அளந்துல்லா பாத்தோம். பின்னால தெருவுல இன்னொரு வீடு சொன்னாக... பழைய வீடுதான், ஆனா பெரிய ரூமு. இதைப் பாத்துட்டு அதை வேண்டாம்னுட்டோம்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? 'படம் எடுத்தது நான்தான்' என்று சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லவில்லை. கேமராவை மெதுவாகப் பைக்குள் வைத்தேன்.

பின்தெரு வீட்டுக்குப் போன் செய்து பார்த்தார்கள். முந்தின நாளே வேறு யாரோ வந்துவிட்டார்களாம். நாற்காலியில் இருந்தபடியே ஆறுமுகம்தான் பேச்சை முடித்து வைத்தார்.

"விடு இசக்கி. ஆறு வாரந்தான. லாரி கேபின்ல படுத்தவனுக்கு இது போதும்."

கட்டிலை வெளியே எடுத்துப் போட்டார்கள். அவருக்குத் தரையில் மெத்தை. நாற்காலி பகலில் அறைக்குள், ராத்திரி வராந்தாவில். பாத்ரூம் வாசல் நாற்காலியை விடக் குறுகல். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

வெளியே வந்து அண்ணாவைப் பிடித்தேன்.

"அண்ணா, சக்கர நாற்காலி போகுமான்னு அவங்க முன்னமே கேக்கலியா?"

"அவ கேட்டா. நான் படத்தை அனுப்பினேன்."

"போகும்னு சொன்னீங்களா?"

"போகும்னும் சொல்லல்ல, போகாதுன்னும் சொல்லல்ல. பார்த்துக்கோங்கன்னேன். நான் ஒரு பொய்யும் சொல்லல்ல மக்ளே. படம் எடுத்தது நீயல்லே?"



இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். இதே ஊரில், கரமனையில் என் வீடும் தரைத்தளம்தான். வாசலில் படி கிடையாது. மகள் பெங்களூருக்குப் போன பிறகு ஓர் அறை சும்மா கிடக்கிறது... அகலமான கதவு, பக்கத்திலேயே பாத்ரூம். அன்றைக்குக் காலையில் அந்த வராந்தாவில் நின்றபோதே அது எனக்கு நினைவு வந்தது. உடனே மற்றதெல்லாமும் நினைவு வந்தது. ஆறு வாரம். முன்பின் தெரியாதவர்கள். மருந்து வாடை. வேலைக்கு வரும் பெண் என்ன சொல்வாள்? ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்?

பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான்காவது வாரம் அண்ணா வேறு எதற்கோ போன் செய்தார். பேச்சோடு பேச்சாக, "அந்த வள்ளியூர்க்காரி கை ஒடிஞ்சு போச்சு" என்றார். பாத்ரூம் வாசலில் கணவரைத் தூக்கும்போது வழுக்கிவிட்டதாம். கணவர் மேல் தான் விழாமலிருக்க இந்த அம்மா கையை ஊன்றியிருக்கிறார். மணிக்கட்டு. கணவருக்குக் காயம் ஒன்றுமில்லை. ஆனால் தூக்கிக்கொண்டு போக ஆளில்லாமல் இரண்டு நாள் ரேடியேஷன் தவறிவிட்டது. இப்போது ஊரிலிருந்து தம்பி வந்து வராந்தாவில் படுத்திருக்கிறாராம்.

அன்றைக்கே போனேன். இசக்கியம்மாள் வாசலில் உட்கார்ந்து, மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கத் தெம்பில்லை.

"அந்தப் போட்டோ எடுத்தது நான்தான்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்களாக்கா?" என்றார். ஆரஞ்சுத் தோலை ஓரமாக வைத்துவிட்டு, "நல்லாத்தான் எடுத்திருந்திய" என்றார்.

என் வீட்டு அறையைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். கதவு அகலம், படி கிடையாது, பாத்ரூம் பக்கம்... எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"இவுக வந்த அன்னைக்கு இருந்துச்சாக்கா அந்த ரூமு?"

"இருந்தது."

ஆரஞ்சின் ஒரு சுளையைப் பிரித்து விதையை எடுத்தார். "இனிம என்னத்துக்குக்கா. இன்னும் ரெண்டு வாரந்தான. தம்பியும் வந்துட்டான். மறுபடி மூட்டையைக் கெட்ட முடியாது."

நான் இரண்டாம் தடவை வற்புறுத்தவில்லை. அவர் வேண்டாம் என்றதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. மறைத்துவைத்து என்ன ஆகப்போகிறது? நிம்மதிதான் வந்தது.

அந்த வாரமே அண்ணாவோடு சண்டை போட்டேன். பழைய லென்ஸை மாட்டி, கதவருகே நின்று, மேஜையையும் திரும்ப உள்ளே வைத்து, எல்லா அறைகளையும் புதிதாக எடுத்துக் கொடுத்தேன். நீள அகலத்தையும் கதவின் அகலத்தையும் டேப் பிடித்து அளந்து படத்துக்குக் கீழேயே எழுதினேன். அண்ணா முனகிக்கொண்டே இணைய விளம்பரத்தில் படங்களை மாற்றினார். காலியான மாடி அறைக்குப் பத்து நாளாக ஒரு விசாரிப்புகூட வரவில்லையாம். பதினோராம் நாள் பழைய படங்களையே திரும்பப் போட்டுவிட்டார். கேட்டதற்கு, "எல்லா வீட்டுக்காரனும் இந்த மாதிரிதான் போடுகான். நான் மட்டும் எதுக்கு மக்ளே யோக்கியனாகணும்?" என்கிறார். அந்தப் படங்கள் இன்றைக்கும் அங்கேயே இருக்கின்றன. நான் எடுத்தவைதான். எடுத்துவிடச் சொன்னேன், கேட்கவில்லை. இப்போது அவரும் நானும் பேசிக்கொள்வதில்லை. அதனால் யாருக்கும் எந்தக் கதவும் அகலமாகிவிடவில்லை.

கொல்லத்து வாசகரே, உங்கள் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் குட்டி ஜூம் நல்ல லென்ஸ்தான். அந்த விலைக்கு அதைவிட நல்லது கிடைக்காது. தாராளமாக வாங்குங்கள். அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சிகிச்சை முடிந்து அவர்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று போயிருந்தேன். வேன் வந்துவிட்டது. ஆறுமுகத்தை முன்சீட்டில் உட்கார வைத்தாகிவிட்டது. முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. வலது கால் பெருவிரல் அசைகிறது என்று காட்டினார். டாக்டர், போகப் போகத் தெரியும் என்று சொல்லியிருக்கிறாராம். இசக்கியம்மாள் கட்டுப்போட்ட கையோடு பைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? கேமராவை எடுத்தேன்.

"ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடுக்கட்டுமா? ஊருக்குப் போனதும் அனுப்பி வைக்கிறேன்."

அவர் வேனின் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"வேண்டாங்க்கா. நாங்க இங்க சொகமா இருந்தோம்னு ஊர்ல நெனச்சிருவாக."