எஞ்சினில் பிடித்த வெந்நீர்

நீராவி எஞ்சின் ஓடிய நாட்களில், மைசூரிலிருந்து சாமராஜநகர் போகும் ரயிலில் எங்கள் வீட்டாருக்கு ஒரு வழக்கம் இருந்தது. அம்மாவின் பிறந்த வீடு ஹனூர் பக்கம். சாமராஜநகர் வரை ரயில், பிறகு பஸ். வழியில் நஞ்சன்கூட்டில் வண்டி நின்றதும் அப்பா பித்தளைக் கூஜாவை எடுத்துக்கொண்டு எஞ்சினை நோக்கி நடப்பார். நிலக்கரியை நனைப்பதற்கு எஞ்சினுக்குள் ஒரு குழாய் உண்டு. அதில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வரும். கேட்டால் டிரைவர் பிடித்துத் தருவார். அம்மா டப்பாவில் கொண்டுவந்த டிகாக்‌ஷனையும் பால் பவுடரையும் அதில் கலப்பாள்.

அந்தக் காப்பியில் லேசாக இரும்பு வாசம் அடிக்கும். எனக்குப் பிடிக்காது. அம்மாவுக்கு அதுதான் வேண்டும். கல்யாணமாகி முதன்முதலில் இந்த ரயிலில் வந்தபோது, அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்த அப்பா, தானாகவே எழுந்துபோய் அவளுக்கு வெந்நீர் பிடித்து வந்தாராம்.

பிறகு டீசல் வந்தது. வெந்நீர் நின்றது. நான் பி.யூ.சி. படிக்கும்போது, நீராவியை வழியனுப்ப அதே தடத்தில் ஒரு சிறப்பு ரயில் விடுகிறார்கள் என்று பேப்பரில் வந்தது. போகவும் வரவும் அதே எஞ்சின். அம்மா அன்றைக்கே பரணிலிருந்து கூஜாவை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தாள்.

“ஒருவாட்டி குடிச்சுட்டாப் போதுமுங்க. அப்புறம் டீசலோ கரண்டோ, எது வேணா ஓடட்டும்.”

ஆயுத பூஜை போலவே வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியைக் கிளப்பினார்கள். வழக்கமாகக் கரித்தூளுக்குப் பயந்து ஜன்னலை இறக்கிவிடும் அம்மா அன்றைக்கு இறக்கவில்லை. கண்ணில் தூள் விழுந்து, கசக்கிக்கொண்டே வெளியே பார்த்தாள்.

நஞ்சன்கூட்டில் அப்பா இறங்கிப் போனார். காலிக் கூஜாவோடு திரும்பி வந்தார்.

“எஞ்சின் மேலேயே ஏறி நின்னு போட்டோ எடுக்கறானுங்க. டிரைவர் மூஞ்சியே தெரியல.”

“கூப்புட்டுக் கேக்கறதுதானுங்க?”

“அத்தனை பேர் முன்னால கூஜாவ நீட்டச் சொல்றியா? வர்றப்பக் கூட்டம் கொறஞ்சிரும். இதே ஸ்டேஷன்ல நிதானமாப் புடிச்சுக்கலாம்.”

“டிகாக்‌ஷன் ஆறிப்போயிருமே.”

“உங்கப்பன் வீட்டுக் காப்பி மட்டும் கொதிச்சுட்டா இருந்துச்சு? குடிக்கலியா நான்?”

அம்மா சிரித்துவிட்டாள்.

சாமராஜநகரில் எஞ்சினுக்குத் தண்ணீர் விடும் பெரிய குழாயை டீசல் வந்தபோதே பிடுங்கிவிட்டிருந்தார்கள். அதற்குப் பதில் வரவேண்டிய தண்ணீர் லாரி வராததால், மைசூர் திரும்ப எஞ்சினில் மிச்சமிருந்த தண்ணீர் போதாது. நாங்கள் ஊர்க்கோடியில் சாப்பிட்டுத் திரும்பியபோது ரயிலின் முன்னால் டீசல் எஞ்சின் நின்றது. மாலையோடு பழைய எஞ்சின் தூரத்துத் தண்டவாளத்தில் தனியாகப் புகைந்துகொண்டிருந்தது.

அப்பா எங்களைப் பெட்டியில் ஏற்றிவிட்டார். அம்மாவிடமிருந்து கூஜாவைப் பிடுங்கிக்கொண்டு ஜல்லியில் ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்கவில்லை. பாதி தூரம் போயிருப்பார். கார்டு பச்சைக்கொடி காட்டினார்.

அம்மா ஜன்னலில் முகத்தை வைத்துக் கத்தினாள். “வேண்டாமுங்க! வண்டி எடுக்கறான், வந்துருங்க!”

அப்பா நின்றார். எஞ்சினைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். திரும்பி ஓடி வந்து ஏறினார். மூச்சு வாங்கியது. கூஜாவை அம்மாவின் மடியில் வைத்தார்.

நஞ்சன்கூட்டில் வண்டி நின்றபோது, பழக்கத்தில் அப்பா கூஜாவோடு எழுந்து வாசல்வரை போய்விட்டார். அங்கே ஒரு கணம் நின்றார். பிறகு இறங்கி, ஸ்டாலில் காப்பி வாங்கிக் கூஜாவில் ஊற்றிக் கொண்டுவந்தார்.

“நல்லாத்தானுங்க இருக்குது” என்றாள் அம்மா. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் டிகாக்‌ஷனை ஜன்னல் வழியே கொட்டினாள்.

அப்பா இப்போது இல்லை. போன மாதம் அம்மாவை மைசூரில் பழைய எஞ்சின்களை நிறுத்திவைத்திருக்கும் இடத்துக்கு அழைத்துப் போனேன். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்த ஓர் எஞ்சினின் கொதிகலனில் அம்மா உள்ளங்கையை வைத்தாள்.

“ஜில்லுன்னு இருக்குது.”

கையை எடுக்கவில்லை. அப்படியே சொன்னாள்: “அன்னிக்கு நான் கூப்புடாம இருந்திருக்கோணும். அவரு புடிச்சுட்டு வந்திருப்பாரு. அந்த ரயிலு போனாப் போகுது, சாயங்காலம் வேற வண்டி இருந்துச்சா?”

இருந்தது. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

“தெரியலம்மா” என்றேன்.