காதர் பாய் உறை தைத்த விமானங்கள்

சென்ற வியாழக்கிழமை காலை நூலகத்தைத் திறந்துகொண்டிருந்தேன். எதிர்த் தேநீர்க் கடைக்காரர் சாலையைக் கடந்து வந்தார். "மேடம், தையக்கடை பாய் தவறிட்டாருங்க. விடியக்காலைல" என்றார். பூட்டைத் திறக்க வந்தவள், திறந்த பூட்டை மறுபடி பூட்டினேன்.

செங்கம் சாலையில் தையல் கடை வைத்திருந்த காதர் பாயிடம் துணி தைத்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். சொன்ன தேதியில் வாங்கியவர் ஒருவரும் இருக்க முடியாது. தீபாவளிக்குக் கொடுத்த என் ரவிக்கை கார்த்திகை தீபம் முடிந்துதான் வந்தது. "வேல ஜாஸ்திங்க மேடம், கை கம்மி" என்பார். அந்தக் கைதான், யாரும் கேட்காத ஒரு வேலையைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு நாளும் தவறாமல் செய்துவந்தது.

அதே சாலையிலுள்ள ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டினர் கால்சட்டைகளைப் பிரித்துத் தைக்கக் கொடுப்பார்கள். பைகளில் விமான கால அட்டவணைகள் மடித்த தாள்களாகக் கிடக்கும். பாய் அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "வேண்டாம், அந்தக் கம்பெனியையே மூடிவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால் மட்டும் வைத்துக்கொள்வார். பெரிய நிறுவனங்கள் மேல் அவருக்கு நாட்டமில்லை. இரண்டு தீவுகளுக்கு நடுவே, நாலு சின்ன ஊர்களுக்கு நடுவே, இரண்டு மூன்று விமானங்களை வைத்து ஓட்டி நின்றுபோனவைதான் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மிச்சத் துணியில் ஓர் உறை தைப்பார்.

"எந்த பிளேனுக்கு பாய் டிக்கெட்டு?" என்று எங்கள் நூலகக் காவலர் சீண்டுவார்.

"நின்னுபோன பிளேனுக்குதாம்பா. அதான் லேட்டே ஆவாது."

ஏன் சேர்க்கிறீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். "இந்த நேரத்துக்கு வருவோம்னு அச்சடிச்சுக் குடுத்த வாக்குங்க இது. வர முடியாம போச்சு. அவங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா மேடம்?" என்று சிரித்தார்.

உறை தைப்பதற்கு முன் ஒரு நியமம் இருந்தது. அட்டவணையில் உள்ள முகவரிக்கு, நீங்கள் இன்னும் இயங்குகிறீர்களா என்று கேட்டுக் கடிதம் போக வேண்டும். "ஓடுறவன செத்துட்டான்னு நாம சொல்லக் கூடாதுங்க." ஆங்கிலத்தில் எழுதுவது என் பொறுப்பு. ஆள் இல்லை என்று கடிதம் திரும்பி வந்தால் அதையும் உறைக்குள் வைத்துத் தைப்பார். திரும்பி வந்த கடிதத்தைத் தூக்கிக்கொண்டு, "வந்துடுச்சுங்க மேடம்!" என்று நூலகத்துக்குள் ஓடிவருவார். படித்துக்கொண்டிருப்பவர்கள் அவர் மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று நினைப்பார்கள்.

பச்சைத் தாளில் அச்சடித்த ஓர் அட்டவணைக்கான கடிதத்தை நான் அனுப்பவில்லை. அந்த மாதம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்லலாம். உண்மையில் அது சோம்பல். ஏர்மெயில் தாள் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. மூன்று மாதம் கழித்து அவர் கேட்டபோது, "அது லைப்ரரி விலாசத்துக்கே திரும்பி வந்துடுச்சு பாய். எங்கயோ வெச்சிட்டேன்" என்றேன். பச்சைக் கட்டம் போட்ட துணியில் உறை தைத்தார். கடிதம் இல்லாத உறை அது ஒன்றுதான்.

இரண்டு ஆண்டுகள் சென்றன. ஒரு நாள் நான் கடையில் இருந்தபோது, வெளிநாட்டுப் பெண் ஒருத்தியின் பையிலிருந்து அதே பச்சைத் தாளின் புதுப் பதிப்பு வந்தது. பாய் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ரன்னிங்?" என்றார். போன வாரம்தான் அதில் ஏறியதாக அவள் சொன்னாள். அவள் போனதும் பாய் அந்தப் பச்சைக் கட்ட உறையை எடுத்துவந்து, பிளேடால் ஒவ்வொரு தையலாகப் பிரிக்கத் தொடங்கினார்.

"பாய், நான் அந்த லெட்டர அனுப்பவே இல்ல."

"தெரியுங்க."

"எப்பலேர்ந்து?"

"அப்பவே சந்தேகந்தான். உங்கள கேக்கறதுக்கு நான் யாருங்க, சொன்ன தேதிக்கு ஒரு ஜாக்கெட்டு குடுத்தவனா?" என்றார், தலை நிமிராமல். மறுவாரம் இன்னொரு அட்டவணையையும் ஏர்மெயில் தாளையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அனுப்பினீர்களா என்று அதன் பிறகும் அவர் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. நான் எழுதிய அன்றே தபால் நிலையத்துக்கு நடந்தேன்.

பாய் இறந்த மூன்றாம் நாள் அவர் மகள் ஷமீம் நூலகத்துக்கு வந்தாள். தையல் மிஷின் டிராயரில் உறை போடாத அட்டவணை ஒன்று இருந்ததாம். வெட்டிய நீலத் துணி அதோடு குண்டூசியில் கோத்திருந்தது. "மத்ததெல்லாம் எங்க வீட்லயே இருக்கட்டுங்க. இத மட்டும் மேடம் எழுதிப் பாத்து சொல்லட்டும், அப்புறம் தைக்கலாம்னு அத்தா சொல்லிச்சு."

அன்றே எழுதி அனுப்பினேன். பாயுடையது என்று என்னிடம் இருப்பது அந்தத் தாளும், குண்டூசி எடுக்காத நீலத் துணியும்தான். அவர் இருந்தவரை கடிதம் திரும்பி வர வேண்டும் என்று காத்திருப்போம். இந்த ஒன்றுக்கு மட்டும் யாராவது பதில் எழுத வேண்டும் என்று இருக்கிறது.